கன்னத்துக்கு நான்கு எல்லை

மார்ச் 3 — 4.25
மார்ச் 10 — 7.50
மார்ச் 17 — 12.75
மார்ச் 31 — 18.00
ஏப்ரல் 7 — 25.00
ஏப்ரல் 14 — 25.00
ஏப்ரல் 21 — 25.00

மேலே உள்ள எண்கள் பணமல்ல, சதுர சென்டிமீட்டர். மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றின் இடது கன்னத்தில் வந்த சிவப்புத் தடிப்பின் பரப்பளவு. ஒரு வீட்டில் இப்படியும் ஒரு பட்டியல் இருக்குமா என்று நீங்கள் வியந்தால், அளவையர் என்ற இனத்தோடு உங்களுக்கு இன்னும் பழக்கம் ஏற்படவில்லை என்று பொருள். கொடுத்துவைத்தவர் நீங்கள். இருந்தாலும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அளவையர் என்பது உத்தியோகம் அல்ல, உடல்வாகு. சிலருக்குச் சூட்டு உடம்பு, சிலருக்குக் குளிர்ந்த உடம்பு, சிலருக்கு அளவை உடம்பு. புது பல்பை மாட்டிய தேதியை அதன் கழுத்திலேயே ஒட்டி வைப்பவர், மின்விசிறியை என்றைக்குத் துடைத்தோம் என்று இறக்கையின் மேல் பென்சிலால் குறிப்பவர், கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் வைத்துவிட்டு ‘இது ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது’ என்று அதற்குக் கீழேயே சீட்டு எழுதித் தொங்கவிடுபவர், காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ளாமல் எழுந்து உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் கோடு இழுப்பவர், அந்தக் கோடு இறங்கத் தொடங்கினால் லேசாக முகம் வாடுபவர் — இவர்கள் எல்லாரும் அந்த உடம்புக்காரர்கள்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுத, மற்றது இரவல் கொடுக்க. இரவல் பேனாவில் மை இருக்காது.

இவர்களோடு வாதம் செய்திருக்கிறீர்களா? செய்யாதீர்கள். நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நியாயத்தையெல்லாம் கொட்டி முடித்த பிறகு, நிதானமாக அலமாரியைத் திறந்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்கள்: “எழுதி வச்சிருக்கேன்.” ஆட்டம் முடிந்தது.

நம் கதைக்குரிய அளவையர் உடல்வாகால் மட்டுமல்ல, உத்தியோகத்தாலும் அளவையர். அதுதான் வினை. முப்பத்தோரு ஆண்டுகள் நில அளவை அலுவலகத்தில் வயலையும் மனையையும் வாய்க்காலையும் வரைபடமாக்கியவர். ஓய்வு பெற்ற பின் மகளோடு வசிக்கிறார். மருமகன் கப்பலில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் மட்டும் தென்படுவார். மகள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று ஊருக்கே சொல்பவள். கோபம் வந்தால் வீட்டிலும் அந்தக் குரல்தான் வரும்.

பேத்திக்குப் பொத்தான் என்று பெயர். அதாவது, தாத்தாவின் சட்டைப் பொத்தானை மூக்கில் திணித்துக்கொண்ட நாளிலிருந்து. வைத்த பெயர் ஒன்று உண்டு; அது யாருக்கும் அவசரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மழலையர் பள்ளியிலிருந்து பொத்தான் கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள். வாயோரத்திலும் இடது கன்னத்திலும் சிவப்பாகத் தடித்திருக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போதும், அதுவரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் முப்பது வரை அவள் இடம் அவளுக்கே — இவ்வளவுதான் கடிதம். இடம் என்றால் பொத்தானுக்கு ஒரே பொருள். பள்ளிச் சுவரில் பை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. எழுத்துத் தெரியாத பிள்ளைகளாதலால் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு படம். அவளுடையது ஆமை.

“என் ஆமையை யாரும் எடுத்துக்க மாட்டாங்கல்ல?” என்றாள்.

“ரெண்டு நாள்ல போயிடலாம்டீ,” என்றாள் அம்மா. அவள் நம்பித்தான் சொன்னாள்.

மறுநாளே தோல் மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மாள் குழந்தையின் முகத்தை விளக்கருகே திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தான் நாக்கை வெளியே நீட்டி வாயோரத்தை ஒரு சுற்று நக்கிக் காட்டினாள்.

“இதான் விஷயம். நக்கி நக்கி எச்சில் பட்டுத் தடிச்சிருக்கு. ஒட்டாது. இந்தக் களிம்ப மட்டும் தடவுங்க. வேற எதுவும் போடாதீங்க, தேய்க்காதீங்க. பெருசாகுதான்னு மட்டும் பாத்துக்குங்க.”

சொல்லிவிட்டு, ‘இது தொற்று நோய் அல்ல’ என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். மகள் அதை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள். காகிதமெல்லாம் அந்த வீட்டில் அவர் இலாகா.

இங்கே சற்று நில்லுங்கள். நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? களிம்பை வாங்கி, சீட்டைப் பள்ளியில் கொடுத்து, திங்கட்கிழமை குழந்தையை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அளவையரின் காதில் மருத்துவர் சொன்ன நாலைந்து வாக்கியங்களில் கடைசி வாக்கியம் மட்டும் மணி அடித்தது. பெருசாகுதான்னு பாத்துக்குங்க. எதைவிடப் பெரிதாக? எப்போதிலிருந்து? எந்தக் கருவியால்? ஆரம்ப அளவே எடுக்காமல் ஒரு மருத்துவர் எப்படி மனிதர்களை வீட்டுக்கு அனுப்புகிறார்?

அந்தச் சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரப்பளவு இல்லை. வரைபடம் இல்லை. எந்தக் கன்னம் என்று கூட இல்லை. இவ்வளவு அரைகுறையான ஆவணத்தை ஒரு பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புவது? மானம் போகாதா? அதில் இரண்டு துளை போட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் கோத்துவிட்டு, முறையான ஆவணம் ஒன்றைத் தானே தயாரிக்க உட்கார்ந்தார்.

அலுவலக நாளிலிருந்து பத்திரமாக வைத்திருந்த, மில்லிமீட்டர் கட்டம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று இருந்தது. அதில் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டரில் ஒரு சதுரம் வெட்டினார். கண்ணாடி போல் தெளிவானது. கன்னத்தில் வைத்தால் தடிப்பு அப்படியே தெரியும். மேலே பேனாவால் எல்லையை வரைந்து, பிறகு காகிதத்துக்கு மாற்றிக் கட்டங்களை எண்ணினால் பரப்பளவு. குழந்தை விஷயமாயிற்றே, சுத்தம் முக்கியமல்லவா? ஒவ்வொரு முறையும் தாளை ஸ்பிரிட்டால் துடைத்தார். துடைத்த ஈரத்தோடு வைத்தால் வழுக்காமல் ஒட்டிக்கொள்கிறது என்பதையும் கண்டுகொண்டு மகிழ்ந்தார். முப்பத்தோரு வருட அனுபவம் வீண் போகுமா?

மார்ச் மூன்று, காலை ஏழு பத்து. பொத்தான் தெற்கு பார்த்து முக்காலியில் உட்கார வைக்கப்பட்டாள். பதிவேட்டில் முதல் பக்கம் எழுதப்பட்டது:

‘வடக்கே கண்ணிமை, தெற்கே தாடை, மேற்கே மூக்கு, கிழக்கே காது, இந்நான்கெல்லைக்கு உட்பட்ட இடது கன்னத்தில் காணப்படும் தடிப்பு, 4.25 ச.செ.மீ.’

“தெற்கு பாத்து உக்காந்திருக்கா. அப்ப வடக்கு அவ பிடரியில இல்ல வரணும்? கண்ணு எப்படி வடக்காச்சு?” என்று மகள் கேட்டுத் தொலைத்தாள். அரைமணி நேரம் விளக்கம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் திசைகளைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

வரைபடம் மூன்று பிரதிகள் எடுக்கப்பட்டது. ஒன்று பள்ளிக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று மற்ற இரண்டும் தொலைந்துவிட்டால். தினமும் காலையில் அளவை நடந்தது; ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்கு ஒரு வரைபடம் போயிற்று. அப்பா சீட்டைத்தான் கொடுத்துவிட்டார், பள்ளியில்தான் இழுத்தடிக்கிறார்கள் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் பன்னிரண்டில் தலைமை ஆசிரியையின் இரண்டாம் கடிதம் அளவையர் பெயருக்கே வந்தது. ‘தாங்கள் அனுப்பிய இரண்டு வரைபடங்களும் கிடைத்தன. மிக அழகாக உள்ளன. இது ஏரியா தீவா என்று எங்கள் ஆசிரியைகளிடையே கருத்து வேறுபாடு உள்ளது. தயவுசெய்து மருத்துவர் கடிதம் அனுப்பவும்.’

இதைப் படித்து அளவையர் வெட்கப்பட்டார். மருத்துவர் கடிதத்துக்காக அல்ல; குறியீட்டு விளக்கம் போடாமல் வரைபடம் அனுப்பிவிட்டோமே என்பதற்காக. அடுத்த வாரம் முதல் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, ‘சிவப்பு: தடிப்பு. வெள்ளை: கன்னம்’ என்று எழுதினார். வடக்கு காட்டும் அம்புக்குறியும் வைத்தார்.

தடிப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. வாயோரத்தில் இருந்தது களிம்புக்கு அடங்கி மறைந்துவிட்டது. அதை அளக்கவில்லை, வளைவான இடத்தில் தாள் படியாது. கன்னத்தில் இருந்ததோ நாலேகாலிலிருந்து ஏழரை, ஏழரையிலிருந்து பன்னிரண்டே முக்கால். தாள் வைத்ததும் பொத்தான் முதலில் “குளுகுளு” என்பாள். எண்ணி இருபது விநாடி கழித்து “கடிக்குது தாத்தா” என்று நெளிவாள்.

“ரெண்டே நிமிஷம் கண்ணு. ஆடினா எல்லைக் கோடு கோணும்.”

“அப்பா, அது அவ மூஞ்சி. காலி மனை இல்ல,” என்பாள் மகள் உள்ளேயிருந்து.

“டாக்டர்தானேம்மா பாத்துக்கச் சொன்னாங்க?”

மருத்துவர் சொன்னது உண்மைதானே? எழுதி வைத்திருக்கிறார்.

நடுவில் ஆறு நாள் அளவை தடைப்பட்டது. கப்பல்காரர் ஒரு துறைமுகத்தில் இறங்கியிருந்தார். அவரைப் பார்க்க மகள் குழந்தையோடு போய்விட்டு மார்ச் இருபத்து நாலாம் தேதி திரும்பினாள். அன்று மாலையே முக்காலி போடப்பட்டது. தாளை வைத்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார்.

ஒன்று. ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர்.

“அட, கொறஞ்சிருச்சே!” என்று மகள் கை தட்டினாள்.

“இருக்காதும்மா,” என்றார் அளவையர். பன்னிரண்டே முக்கால் ஆறு நாளில் ஒன்றாகுமா? நிலம் கரையுமா? முப்பத்தோரு ஆண்டில் இப்படியொரு சரிவை அவர் கண்டதில்லை. பயணக் களைப்பில் குழந்தை கன்னத்தை உப்பிக் காட்டவில்லை, விளக்கு மங்கல், பேனா முனை தேய்ந்திருக்கிறது, ஆக, கருவிப் பிழை. அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. தவறான தகவலை ஏற்றுவதைவிட இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. இனி பிழையே நேராதபடி காலை ஏழு பத்து, மாலை ஏழு பத்து என்று இரண்டு வேளையும் அளப்பது, இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடம் வைப்பது, ஸ்பிரிட்டைக் கொஞ்சம் தாராளமாகவே விடுவது என்று முடிவாயிற்று.

ஏப்ரல் ஏழாம் தேதி காலை, வீட்டில் ஒரு கூச்சல்.

“அப்பா! சதுரமா இருக்கு!”

உண்மைதான். தடிப்புக்கு நான்கு பக்கம் வந்திருந்தது. நான்கு மூலையும் வந்திருந்தது. அளவையர் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். தொண்ணூறு பாகை, நான்கும்.

“ஆமாம்மா,” என்றார் நெகிழ்ந்துபோய். “ரொம்ப ஒழுங்கா இருக்கு.” அரைக் கட்டம், கால் கட்டம் என்று கூட்டிக் கண் பூத்தவருக்கு இது எப்பேர்ப்பட்ட வரம்! ஐயைந்து இருபத்தைந்து. முடிந்தது வேலை. அடுத்த வாரமும் இருபத்தைந்து. அதற்கடுத்த வாரமும் இருபத்தைந்து. “நிலைச்சிருச்சு, இனிமே பரவாது,” என்று அறிவித்தார். இருபத்தைந்தைத் தாண்ட அந்தத் தாளில் இடம் ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் சதுரத்தைப் பார்த்த அன்றே மருத்துவருக்குத் தொலைபேசி செய்தாள். அவர் வெளியூர் போயிருந்தார். ஏப்ரல் இருபத்திரண்டுக்குத்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் பள்ளியிலிருந்து மூன்றாம் கடிதம். ‘இதுவரை வந்த ஐந்து வரைபடங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். நோய் முன்னேறி வருவது தெளிவாகத் தெரிகிறது. மற்றப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குப் பின் இடத்தைக் காத்திருப்போர் பட்டியலில் உள்ள குழந்தைக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.’ ரயில் நிலையத்திலிருந்து அதிகாரியும் கூப்பிட்டார். குழந்தைக்காக மகள் எடுத்த விடுப்பெல்லாம் தீர்ந்தது, மே ஐந்தாம் தேதி வந்து சேராவிட்டால் பதிவு செய்த குரலைப் போட்டுக்கொள்கிறோம், அது விடுப்பே கேட்பதில்லை என்றார்.

பொத்தான் ஒரு தாளில் ஆமை வரைந்து, சமையலறைக் கதவில் இருந்த கொக்கிக்குக் கீழே ஒட்டி வைத்தாள். முன்னெச்சரிக்கை.

இருபத்திரண்டாம் தேதி அளவையர் முழுத் தயாரிப்போடு போனார். பதிவேடு ஒன்று, காகிதத்துக்கு மாற்றிய அளவைகள் எழுபத்திரண்டு, கோப்பு ஒன்று, உறையில் அந்தச் சதுரத் தாள். மருத்துவர் குழந்தையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நான் இருபத்திரண்டு வருஷமா தோல் பாக்கறேன். உடம்புல தானா வர்ற எதுக்கும் மூலை இருந்து பாத்ததில்ல. இந்த அளவுல, இந்த வடிவத்துல, இவ கன்னத்துல தினமும் என்ன படுது?”

“எதுவும் படல டாக்டர். நீங்க சொன்ன களிம்பு மட்டுந்தான். எழுதி வச்சிருக்கேன்.”

மருத்துவர் பதிவேட்டை வாங்கினார். பரப்பளவுப் பகுதியைப் பார்க்கவே இல்லை. எவரும் படிக்காத கடைசிப் பகுதி ஒன்று இருக்கிறதே, ‘குறிப்பு’ என்று, அதை உரக்கப் படித்தார்.

“‘காலை 7.10. ஸ்பிரிட்டால் துடைத்துத் தாள் வைத்தேன். குழந்தை கடிக்கிறது என்றாள். ஒத்துழைப்புக் குறைவு.’” பக்கத்தைத் திருப்பினார். “‘மாலை 7.10. ஸ்பிரிட். ஐந்து நிமிடம். கடிக்கிறது என்று அழுதாள். ஒத்துழைப்பு இல்லை.’” இன்னும் திருப்பினார். “ஐயா, அவ எழுபத்திரண்டு தடவை என்ன வியாதின்னு உங்ககிட்ட சொல்லியிருக்கா. நீங்க எழுபத்திரண்டு தடவை எழுதியும் வச்சிருக்கீங்க.”

அளவையர் கையிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு பேத்தியின் கன்னத்தை. உறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்து, கன்னத்தைத் தொடாமல், சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம், மூலைக்கு மூலை. அவர் வாழ்நாளில் எடுத்த அளவைகளில் இதைப்போல் துல்லியமாகப் பொருந்தியது வேறொன்றில்லை.

“நடுவுல ஒரு வாரம் காணோமே?” என்றார் மருத்துவர்.

“ஊருக்குப் போய்ட்டு வந்த அன்னிக்கு... ஒண்ணுதான் இருந்துச்சு. பிழைன்னு நெனச்சேன்.”

“அது ஒண்ணுதான் ஐயா சரியான கணக்கு. சரி, அவ ஸ்கூலுக்குப் போறால்ல? ஒட்டாதுன்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தேனே.”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா கோப்பைப் பார்த்தார். கோப்பின் முதல் பக்கத்தில், இரண்டு துளைகளோடு, அந்தச் சீட்டு ஐம்பத்திரண்டு நாளாகச் சௌகரியமாகப் படுத்திருந்தது.

“அதுல பரப்பளவு போடலம்மா...” என்றார் அளவையர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மகளுக்கு அந்தக் குரல் வந்தது. மருத்துவமனைக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தேடும் குரல். “அனைவரின் கனிவான கவனத்திற்கு. மார்ச் மூன்றாம் தேதி பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டிய குழந்தை, தாத்தாவின் காரணமாக, ஐம்பது நாட்கள் தாமதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.”

“தாத்தா வண்டியா?” என்று பொத்தான் ஆவலோடு கேட்டாள்.

மருத்துவர் பிளாஸ்டிக் தாளை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வெறும் தண்ணீர், அதே களிம்பு, வேறு எதுவும் வேண்டாம் என்றார். பழைய சீட்டுக்குப் பதில் புதிதாக ஒன்றும் எழுதி, அதை மகள் கையில் கொடுத்தார். மறுநாள் காலையில் அவளே நடந்துபோய் அதைப் பள்ளியில் கொடுத்தாள். பதிவுத் தபாலில் அனுப்பினால் ஒப்புகை கிடைக்குமே என்று அளவையர் வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியில் மென்று விழுங்கினார். தலைமை ஆசிரியை ஊரில் இல்லை, வந்ததும் எழுதுவார், காத்திருப்போர் பட்டியல் பெற்றோருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

அதே நாள் காலை ஏழு பத்து. அளவையருக்கு இரண்டு கையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பொத்தான் வந்து முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு, தெற்கு பார்த்து உட்கார்ந்து, கன்னத்தைக் காட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“இனிமே வேணாம் கண்ணு.”

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “கடிக்காதா?”

“கடிக்காது.”

“அப்ப நான் அளக்கறேன்.” மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்து அவர் மூக்கின் மேல் வைத்தாள். “தாத்தா, மூக்கு பெருசாகுது. ஆடாதீங்க. எல்லைக் கோடு கோணும்.”

அவர் ஆடவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே இருந்தார். கண்ணில் நீர் வந்தது அடிக்கோல் குத்தியதால்தான்.

முதலில் வடகிழக்கு மூலை மழுங்கியது. மகள் குளியலறை வாசலில் நின்று, “வடகிழக்கு மூலை இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது,” என்று அறிவித்தாள். அவள் அப்பாவோடு நான்கு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. இரண்டு நாளில் மற்ற மூலைகளும் ரத்தாயின. சதுரம் வட்டமாகி, வட்டம் வெளுத்து, வெளுப்பு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் போயிற்று. எல்லை தெரியாத நிலம் அளவையருக்கு எத்தனை வேதனை என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் சன்னலோரம் உட்கார்ந்து தபால்காரர் வரும் தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நாளாக எதையும் எழுதவில்லை.

பிறகு கடிதம் வந்தது. உறையைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. மகள் பிரித்துப் படித்தாள். ‘குழந்தையை வரும் திங்கட்கிழமை அனுப்பவும். ஆமை அதே கொக்கியில் இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள குழந்தைக்குப் புதிதாக ஒரு கொக்கி அடித்து வாத்துப் படம் ஒட்டியுள்ளோம். தங்கள் வரைபடங்களை வண்ணம் தீட்டும் பாடத்துக்குப் பயன்படுத்துகிறோம். பிள்ளைகள் பெரும்பாலும் நீலமே அடிக்கிறார்கள். ஆகவே அது ஏரி என்று முடிவாகியுள்ளது. இனி வரைபடம் அனுப்ப வேண்டாம்.’

பொத்தான் சமையலறைக் கதவிலிருந்த ஆமையைக் கிழித்து எடுத்துத் தாத்தாவின் சட்டைப் பையில், இரண்டு பேனாவுக்கும் நடுவே, செருகினாள். அளவையர் பதிவேட்டைத் திறந்தார். தேதி எழுதினார். பரப்பளவு என்ற இடத்துக்கு நேரே பேனா வந்து நின்றது. அவர் கன்னத்தைப் பார்க்கவில்லை. பேத்தி சிரிப்பதைப் பார்த்தார். அந்த இடத்தை வெறுமையாக விட்டு மூடிவைத்தார்.

நல்ல மனிதர்தான், கொஞ்சம் முற்றிப்போன ஆள் என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். தாராளமாக. ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலில் கொடுத்த பட்டியலைப் படிக்கும்போதே, மார்ச் இருபத்து நாலு எங்கே என்று உங்கள் விரல் அந்த இடத்தில் நின்றதா? எழுபத்திரண்டு சரிதானா, ஐம்பத்திரண்டு நாள் சரிதானா என்று மனத்துக்குள் ஒரு தரம் கூட்டிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், வீட்டில் யாராவது நெளிந்துகொண்டு ஏதாவது சொல்கிறார்களா என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இல்லை, எனக்கு அந்த உடல்வாகு கிடையாது என்று மார்தட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு சோதனை. கீழே கடிதம் வந்த தேதி மட்டும் இருக்கிறது. எத்தனை மணிக்கு என்று கேட்காமல் உங்களால் இருக்க முடிகிறதா பாருங்கள்.

இறுதிக் கடிதம் வந்த நாள்: ஏப்ரல் 30.